பட்டா இல்லாதவனுக்கு எட்டாத மானியம்

அலோர் ஸ்டாரைச் சுற்றி எந்தச் சாலையில் போனாலும் வயல்தான். மூடா நீர்ப்பாசன வாய்க்கால்கள், மாடா பெயர்ப்பலகைகள், அறுவடைக் காலத்தில் சாலையை அடைத்துக்கொண்டு நெல் ஏற்றிப் போகும் லாரிகள். தெற்கே குரூணைத் தாண்டினால் காட்சி மாறும். ரப்பரும் செம்பனையுமாக, நம் மக்கள் மூன்று நான்கு தலைமுறை உழைத்த தோட்டங்கள் தொடங்கும். இரண்டும் கெடாதான். ஆனால் அரசாங்க மானியம் வயலோடு நின்றுவிட்டது. தோட்டத்துக்குள் வரவில்லை.

ஏன் வரவில்லை என்று கேட்டால் நம்மில் பலர் உடனே "இனப் பாகுபாடு" என்பார்கள். உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதி சட்டப் புத்தகத்திலும் நில அலுவலகப் பதிவேட்டிலும் இருக்கிறது. அதைப் படிக்காமல் மேடையில் முழங்கிப் பயனில்லை.

வயல்காரர்கள் எப்படிப் பெற்றார்கள் என்று முதலில் பார்ப்போம். 1980 ஜனவரியில் இதே அலோர் ஸ்டாரில் ஆயிரக்கணக்கான நெல் விவசாயிகள் தெருவில் இறங்கினார்கள். நெல்லுக்கான விலை மானியத்தை ரொக்கமாகக் கொடுக்காமல், கூப்பனாகக் கொடுத்துச் சேமிக்கச் சொன்னதுதான் காரணம். கைது நடவடிக்கைகளும் நடந்தன. கடைசியில் கூப்பன் போனது, ரொக்கம் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 1979-லேயே, உரம் இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியிருந்தது. 2024 வரவு செலவுத் திட்டத்தில் நெல் விலை மானியம் டன்னுக்கு 360 ரிங்கிட்டிலிருந்து 500 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது.

ரப்பரிலும் இதே கதைதான். 1974 இறுதியில் ரப்பர் விலை விழுந்தபோது பாலிங்கில் சிறுதோட்டக்காரர்கள் பசியோடு ஊர்வலம் போனார்கள். தலைநகரில் மாணவர்கள் அவர்களுக்காகக் குரல் கொடுத்தார்கள். அன்வார் இப்ராஹிம் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உள்ளே போனதும் அந்தப் போராட்டத்தால்தான். அரசாங்கம் பயந்தது, விலையைத் தாங்கிப் பிடிக்கும் நடவடிக்கைகளில் இறங்கியது. இன்றும் விலை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் சிறுதோட்டக்காரருக்கு ஊக்கத்தொகை உண்டு. 2024 பட்ஜெட்டில் அந்த அளவு கிலோவுக்கு 2.70 ரிங்கிட்டிலிருந்து 3 ரிங்கிட்டாக உயர்ந்தது.

அதே 1974-ல் தோட்டத்தில் பால்மரம் சீவிய நம் தொழிலாளியின் கதி என்ன? அவர் சம்பளமும் ரப்பர் விலையோடுதான் கட்டப்பட்டிருந்தது. விலை விழுந்தால் அவர் வீட்டு அடுப்பும் அணையும். ஆனால் உதவி அவரைத் தேடி வரவில்லை. அவர் தொழிலாளி, நிலச் சொந்தக்காரர் இல்லை. மறுநடவு மானியமும் இப்படித்தான். ஏற்றுமதியாகும் ரப்பரில் வரி பிடித்து 1950-களில் ஒரு நிதி உருவாக்கப்பட்டது. அதிலிருந்து தோட்ட முதலாளியும் சிறுதோட்டக்காரரும் மானியம் பெற்றார்கள். அந்த ரப்பரைச் சீவிக் கொடுத்த கைக்கு அதில் ஒரு காசு உரிமை இல்லை. 1956-ல் பெல்டா தொடங்கி நிலமற்றவர்களைக் காட்டில் குடியேற்றி ரப்பர் நடவைத்தார்கள். ரப்பர் நடுவதில் நம்மவரைவிட அனுபவசாலி யார்? ஆனால் குடியேறியவர்களில் ஆகப் பெரும்பாலோர் மலாய்க்காரர்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கெடாவின் மலாய் விவசாயி நமக்கு எதிரி இல்லை. மானியம் வந்தும் அவர் பணக்காரர் ஆகிவிடவில்லை. 1978 முதல் 1980 வரை மூடா வட்டாரக் கிராமம் ஒன்றில் தங்கி ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் ஸ்காட் எழுதியதைப் படித்தால் தெரியும். இரண்டு போகம் வந்தது, அறுவடை இயந்திரம் வந்தது. நிலம் வைத்திருந்தவர் தலை நிமிர்ந்தார், கூலிக்கு அறுத்த ஏழை வேலை இழந்தார். நெல் விலைக்கு மானியம் கூடினால் நிலத்தின் குத்தகையும் ஏறத்தான் பார்க்கும். ஆக, மலாய்க் கிராமத்திலும் மானியம் போய்ச் சேர்ந்த இடம் பட்டா உள்ளவர் வீடுதான். நம் தோட்டத்தில் பட்டா உள்ளவர் ஒரு கம்பெனி. மற்ற அத்தனை பேரும் கூலிகள். அந்தக் கதவு நமக்கு முழுவதுமாக மூடியதற்கு இதுதான் காரணம்.

தண்ணீரும் மின்சாரமும்கூட இப்படித்தான் போயின. கம்பத்துக்குச் சாலை போட்ட கிராம வளர்ச்சித் திட்டம் தோட்டத்து வாசலில் நின்றது. "தனியார் நிலம்" என்றார்கள். 1990-ல் வந்த 446-ஆம் சட்டம், தொழிலாளர் வீட்டு வசதிக்கு முதலாளியே பொறுப்பு என்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தோட்டத்தை விற்று வீட்டு மனையாக்கிவிட்டு முதலாளி போய்விட்டால், அந்தப் பொறுப்பும் அவரோடு போய்விடுகிறது.

இதில் மிகவும் நெஞ்சைச் சுடுவது தமிழ்ப்பள்ளி விஷயம். தோட்டத்து நிலத்தில் நிற்கும் பள்ளி "பகுதி உதவி பெறும் பள்ளி". ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கம் கொடுக்கிறது. கட்டடம், விரிவாக்கம் என்றால் "நிலம் அரசாங்கத்துடையது இல்லை" என்று கை விரிக்கிறார்கள். இது சட்டமா? 1996 கல்விச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். மூலதன மானியம் என்பதற்கு அது தரும் விளக்கத்தில் முதல் இனமே "நிலம் அல்லது கட்டடம்" வழங்குவதற்காகப் பொதுப்பணத்திலிருந்து கொடுப்பது என்பதுதான். நிலம் வாங்கவே பணம் தரலாம் என்று சட்டம் சொல்லும்போது, நிலம் இல்லாததால் பணம் இல்லை என்று சொல்வது அதிகாரிகள் வைத்துக்கொண்ட வழக்கமே தவிர வேறில்லை. மாணவர்களின் கல்விக்குப் பொதுப்பணத்தில் உதவி தரும்போது இனம், மதம், வம்சாவளி பார்த்துப் பாகுபாடு கூடாது என்று அரசியலமைப்பின் 12-வது பிரிவும் சொல்கிறது. 153-வது பிரிவைக் காட்டி நம் வாயை அடைப்பவர்கள் அதை ஒருமுறை முழுதாகப் படிக்கட்டும். தமிழ்ப்பள்ளிக்குக் கட்டட மானியம் தரக்கூடாது என்று அதில் எந்த வரியிலும் இல்லை.

பணமே வருவதில்லை என்று நான் சொல்லவில்லை. வருகிறது, தேர்தலோடு வருகிறது. பள்ளி மண்டபத்தில் கதவளவு மாதிரிக் காசோலை, மாலை, பொன்னாடை, மறுநாள் பத்திரிகையில் படம். நெல் விவசாயிக்கு உரமூட்டை கொடுக்க எந்த அமைச்சரும் மாலை வாங்கிக்கொள்வதில்லை. அவர் பெயர் பதிவேட்டில் இருக்கிறது, பருவம் வந்தால் மூட்டை வருகிறது. நமக்கு வருவது ஒருவர் மனம் வைத்தால் வரும் பணம், அவர் மனம் மாறினால் நின்றுவிடும். 2018-ல் மித்ரா என்ற பெயரில் ஆண்டுக்கு 10 கோடி ரிங்கிட் என்றார்கள். அந்தப் பணம் போன வழியை 2021-ல் ஊழல் தடுப்பு ஆணையம் விசாரிக்க வேண்டியதாயிற்று. 2008 மார்ச்சில் கெடா ஆட்சி மாறியதில் நம் ஓட்டுக்கும் பங்கு உண்டு. அதற்குப் பிறகும் எத்தனையோ மாதிரிக் காசோலைகளைப் பார்த்துவிட்டோம். பள்ளி நிலம் பற்றிய வழக்கம் மட்டும் மாறவில்லை.

இப்போது மானியத்தைக் குறிவைத்துக் கொடுக்கும் காலம். 2024 ஜூன் 10-ல் தீபகற்பத்தில் டீசல் விலை ஒரே நாளில் 2.15-லிருந்து 3.35 ரிங்கிட்டுக்குத் தாவியது. 2025 செப்டம்பர் இறுதியில் பூடி95 வந்தது. அப்போது மைகார்டு உள்ள குடிமகனுக்குப் பெட்ரோல் லிட்டர் 1.99 ரிங்கிட், மற்றவர்களுக்கு 2.60 என்று இருந்தது. பெரிய கார்க்காரருக்கும் வெளிநாட்டவருக்கும் போய்க்கொண்டிருந்த பணத்தைத் திருப்புவது நியாயம்தான், எதிர்க்கவில்லை. ஆனால் தோட்டத்தில் பிறந்து, பிறப்புப் பத்திரம் சரியில்லாமல், அறுபது வயதிலும் சிவப்பு அடையாளக் கார்டோடு நிற்கும் நம் பெரியவர் அந்தப் பெட்ரோல் பம்பில் யார்? வெளிநாட்டவரோடு வெளிநாட்டவராக 2.60 கொடுத்துவிட்டு வந்தார். முன்பு பட்டா கேட்டார்கள், இப்போது கார்டு கேட்கிறார்கள்.

ஆகவே நம் கோரிக்கை இன்னொரு சிறப்பு ஒதுக்கீடாக இருக்கக்கூடாது. தமிழ்ப்பள்ளிகள் அனைத்துக்கும் நிலத்தைப் பார்க்காமல் மூலதன மானியம் என்று கல்வி அமைச்சு எழுத்தில் விதி வகுக்க வேண்டும். தோட்ட நிலத்தை வீட்டு மனையாக மாற்ற மாநில அரசின் அனுமதி வேண்டும். அந்த அனுமதியில் பள்ளி, கோயில், தொழிலாளர் வீடு மூன்றுக்கும் நிலம் பிரித்துத் தரும் நிபந்தனையைக் கெடா அரசு சேர்க்க வேண்டும். அதற்குக் கூட்டரசின் ஒரு காசும் தேவையில்லை.

பள்ளி வாரியங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் இந்த மாதமே ஒரு வேலை செய்யலாம். மாவட்ட நில அலுவலகத்தில் சிறு கட்டணம் கட்டி, உங்கள் பள்ளி நிற்கும் நிலம் யார் பெயரில் இருக்கிறது, என்ன வகை, என்ன நிபந்தனை என்று தேடல் நகல் வாங்குங்கள். தோட்டம் பல கை மாறியிருந்தால் நீங்கள் நினைத்த கம்பெனி அதில் இருக்காது. நகலை வைத்துக்கொண்டு மூலதன மானியம் கேட்டு எழுத்தில் விண்ணப்பியுங்கள். மறுப்பும் எழுத்தில் வேண்டும் என்று கேளுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்ன மறுப்பை நீதிமன்றத்தில் நிரூபிப்பது கடினம்.