சாவியா? செல்லா?



அரையாண்டுத் தேர்வு முடிந்ததிலிருந்து நம்ம வகுப்பில் ஒரே வாட்ச் பேச்சுதான். பொதுத்தேர்வு வருது. தேர்வறைக்குள் செல்போனும் கூடாது, ஸ்மார்ட் வாட்சும் கூடாது. எல்லா அறையிலும் சுவர்க் கடிகாரம் இருக்கும் என்று நம்ப முடியாது. அதனால் கையில் ஒரு சாதாரண வாட்ச் வேண்டும். நம்மில் பலருக்கு வீட்டில் கிடைக்கப் போவது 500, 600 ரூபாய். அதுவும் ஒரே ஒரு தடவை. அந்தப் பணத்துக்குச் சாவி கொடுக்கிற வாட்ச் வாங்குவதா, செல் போடுகிற வாட்ச் வாங்குவதா? செல் வாட்ச் வாங்குங்க என்பது என் கட்சி.

பெரியவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். எங்க தாத்தா, "செல் வாட்செல்லாம் பொம்மைடா. தினமும் சாவி குடுத்தா காலத்துக்கும் ஓடும்"னு சொல்லுவார். அவர் காலத்துக்கு அது சரி. 1961-இல் எச்.எம்.டி. நிறுவனம் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. அதன் ஜனதா வாட்ச் சாதாரண மக்கள் கையில் எல்லாம் இருந்தது. உதிரி பாகம் கிடைத்தது, பழுது பார்க்க ஆளும் இருந்தார்கள். பிறகு டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டன், ஓசூரில் குவார்ட்ஸ் வாட்சாகச் செய்து தள்ளியது. குவார்ட்ஸ் என்றால் செல் வாட்ச்தான். சந்தை அந்தப் பக்கம் சாய்ந்தது. எச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவை மூடுவதென்று மத்திய அரசு 2016-இல் முடிவெடுத்தது. இன்று 600 ரூபாய்க்குச் சாவி வாட்ச் என்று யாராவது நீட்டினால், அது பெரும்பாலும் பழைய வாட்ச் ஒன்றின் மெஷினையும் இன்னொன்றின் கூட்டையும் சேர்த்து, டயலுக்குப் புதுப் பெயிண்ட் அடித்ததாகத்தான் இருக்கும். பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீங்க.

சரி, எது ஒழுங்காக நேரம் காட்டும்? சாவி வாட்சுக்குள் ஒரு சுருள்வில் இருக்கிறது. சாவி கொடுத்தால் அது இறுகும். பிறகு ஏறக்குறைய ஒன்றரை நாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விரியும். அந்த விசையை ஒரு சின்னச் சக்கரம் முன்னும் பின்னும் ஆடி அளந்து விடுகிறது. பழைய வகைகளில் நொடிக்கு 5 அடி, அதாவது மணிக்கு 18,000. எண்ணெய் காய்ந்தாலும், கீழே விழுந்தாலும், ஸ்பீக்கர் காந்தத்துக்குப் பக்கத்தில் வைத்தாலும் இந்த ஆட்டம் மாறிப்போகும்.

செல் வாட்சில் ஒரு குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இது என்ன எண் தெரியுமா? 2-இன் 15-ஆம் அடுக்கு! உள்ளே இருக்கும் சர்க்யூட் அதை இரண்டு இரண்டாக 15 தடவை வகுத்தால் நொடிக்கு ஒன்று என்று வந்து நிற்கும். அந்த ஒன்றுக்குத்தான் நொடி முள் 'டக்'கென்று நகருது. (அடுக்குக்குறி எதுக்கு உதவும் என்று கேட்டவர்கள் கவனிக்க.)

விலை குறைந்த சாவி வாட்ச் நாளுக்கு 20 நொடி முன்னே பின்னே போவது சாதாரணம். திருத்தாமல் விட்டால் மாதத்துக்கு 10 நிமிடம் ஆச்சு. நல்ல செல் வாட்ச் மாதம் முழுக்க ஓடியும் ஏறக்குறைய அந்த 20 நொடிதான் தவறும்.

"தேர்வன்னிக்குச் செல் தீர்ந்து நின்னுட்டா?" என்று கேட்பீர்கள். நியாயமான பயம்தான். சாதாரண முள் வாட்சில் செல் இரண்டு, மூன்று வருஷம் வரும். சில வாட்சுகளில் தீரப்போகும்போது நொடி முள் நொடிக்கு நொடி நகராமல், இரண்டோ நான்கோ நொடியை ஒரே தாவாகத் தாவும். எல்லா வாட்சிலும் இந்த வசதி இல்லை. அதனால் ஏற்கெனவே செல் வாட்ச் வைத்திருப்பவர்கள் தேர்வுக்கு முந்தின மாதமே மாற்றிவிடுங்க. பஸ் ஸ்டாண்டு கடையில் ஐந்து நிமிட வேலை. சாவி வாட்சைப் பிரித்துக் கழுவி எண்ணெய் விட எங்க பக்கம் கேட்கிற கூலி, புது செல் வாட்ச் விலைக்கே பக்கத்தில் வருது. மெஷினே போனாலும் செல் வாட்சுக்கு வேறு மெஷின் போட்டுவிடலாம்.

வாங்கும்போது டிசைனை அப்புறம் பாருங்க. பின்மூடி திறக்கிற மாதிரி இருக்கிறதா, எண்கள் பளிச்சென்று தெரிகிறதா என்று முதலில் பாருங்க. மூடியில் 30 மீட்டர் என்று போட்டிருந்தால் கிணற்றில் குதிக்கலாம் என்று அர்த்தமில்லை. வியர்வை, மழைத்தூறல் தாங்கும், அவ்வளவுதான். நின்றுபோன வாட்சைச் செல்லோடு பீரோவில் போட்டு வைத்தால் செல் கசிந்து மெஷினைத் தின்றுவிடும். கழற்றிய செல்லைத் தம்பி தங்கை கையில் கொடுக்கவே கூடாது. விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

வீட்டில் ஏற்கெனவே ஒரு சாவி வாட்ச் நன்றாக ஓடிக்கொண்டிருந்தால்? அப்போ 600 ரூபாயைக் கேட்கவே கேட்காதீங்க. தினமும் காலையில் ஒரே நேரத்தில் சாவி கொடுத்து ஒரு வாரம் சோதித்துப் பாருங்க. தேர்வன்று காலையில் திருத்தி வைத்தால், மூன்று மணி நேரத்தில் தவறப் போவது இரண்டு, மூன்று நொடிதான். புதிதாக வாங்குகிறவர்களுக்கு மட்டும்தான் என் வாதம்.

சாவி கட்சிக்காரர்கள் மறுப்பு எழுதலாம். வெள்ளிக்கிழமைக்குள் தமிழ் ஐயாவிடம் கொடுத்தால் அடுத்த இதழில் ஒட்டுவார்கள். எங்க தாத்தா இப்பவே ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறார்.

– 10-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்