108 அடிச் சிலையும் கேட்பாரற்ற குரல்களும்

2023 மார்ச்சில் மாதேஸ்வரன் மலையில் 108 அடி உயரச் சிலை ஒன்று திறந்து வைக்கப்பட்டது. திறந்து வைத்தவர் அன்றைய பாஜக முதலமைச்சர். 2025 ஏப்ரலில் அதே மலையில் இன்றைய காங்கிரஸ் அரசின் அமைச்சரவை கூடியது. ஆட்சி மாறினாலும் மலை மீது ஆட்சியாளர்களுக்குள்ள பற்று மாறவில்லை. வாக்குகள் இருக்கும் மலை அது. ஆனால் அந்த மாதேஸ்வரரைத் தலைமுறை தலைமுறையாகப் பாடிப் பாடி மக்கள் மனதில் நிறுத்திய தேவரகுட்டர்களின் குரல் எங்கே, அதைப் பதிந்த நாடாக்கள் எந்நிலையில் உள்ளன என்று இவ்விரு அரசுகளில் எதுவும் மக்கள்முன் ஒரு சொல் சொன்னதில்லை.

தமிழ் வாசகர்களுக்கு இது அயல்மாநிலச் செய்தி அன்று. கொள்ளேகால் வட்டம் 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. இன்றும் ஈரோடு, சேலம், தருமபுரிப் பக்கத்து உழவர்கள் மாதேஸ்வரன் மலைக்கு நடந்தே செல்கின்றனர். மாநில எல்லை மாறியதால் பாட்டின் எல்லை மாறிவிடவில்லை. கையில் கம்சாளே என்னும் வெண்கலத் தாளத்துடன் ஒருவர் முன்பாட, பின்பாட்டுக்காரர்கள் ஏந்திப் பாட, இரவு முழுவதும் நீளும் கதைப்பாடல் இது. மைசூரு, சாமராஜநகர், மாண்டியா மாவட்டங்களில் இதற்கு இணையான மற்றொன்று, நீலகாரர்கள் தம்பூரி மீட்டிப் பாடும் மண்டேசுவாமி கதை. பாடுவோரிற் பெரும்பாலோர் தலித்துகளும் பிற ஒடுக்கப்பட்ட சாதியினரும் ஆவர்.

ஹெப்பணி மாதய்யாவும் அவருடைய குழுவினரும் பாடிய மாதேஸ்வரர் காவியத்தைக் கேசவன் பிரசாத் தொகுத்தார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பைச் சாகித்திய அகாதெமி 2001-இல் வெளியிட்டது. நல்ல பணி, குறை சொல்வதற்கில்லை. ஆயினும் மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பாட்டு ஏட்டுக்கு வரும்போதே பாதி போய்விடுகிறது. முன்பாடுபவர் நிறுத்தும் இடம், பின்பாட்டு எழும் இடம், கேட்போர் சிரிக்கும் இடம், ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து அமர்ந்ததும் பாடுபவர் சொல்லை மாற்றிக்கொள்ளும் இடம் ஆகியவற்றில் எதுவும் அச்சில் இல்லை. ஆங்கிலத்துக்குப் போனதும் எஞ்சிய பாதியிலும் பாதி போய்விடும். நூல் நூலகத்தில் கிடைக்கிறது. ஹனூரிலோ கொள்ளேகாலிலோ வாழும் ஒரு கூலித் தொழிலாளியின் மகள் இத்தகைய பாடகர்களின் குரலைக் கேட்க விரும்பினால் எந்தக் கதவைத் தட்டுவாள்?

இது வெறும் இசைரசனையின் பிரச்சனை அன்று. யாருடைய கதை நிலைக்கப் போகிறது என்பதே இதில் உள்ள பிரச்சனை. தோழர் நா.வானமாமலை முத்துப்பட்டன் கதையைப் பதிப்பிக்கையில் கண்டது நம் நினைவில் இருக்க வேண்டும். பார்ப்பன இளைஞன் ஒருவன் சக்கிலியர் குலத்துப் பெண்கள் இருவரை மணந்து, பூணூலைக் கழற்றி, மாமனாருடன் செருப்புத் தைத்து, அவருடைய மாடுகளைக் காக்கும் சண்டையில் மாண்டான் என்பது கதை. அப்பெண்கள் பிறப்பால் பார்ப்பனக் குழந்தைகளே, காட்டில் கிடந்து எடுத்து வளர்க்கப்பட்டவர்களே என்றொரு பகுதி அதில் ஒட்டியிருந்தது. சாதி ஒழுங்கைக் காப்பாற்றுவதற்காகச் செருகப்பட்ட பிற்காலப் பகுதி அது என்று வாதிட்டவர் வானமாமலை. பாடுவோரின் வாய்மொழியும் ஏடும் அச்சும் ஒன்றையொன்று மறுக்கும்போது எது முந்தியது, எது யாருக்காக மாற்றப்பட்டது என்று சொல்ல நமக்குச் சான்று வேண்டும். குரற்பதிவே அந்தச் சான்று. அது அழிந்தால் செருகியவன் வென்றுவிடுவான்.

மாதேஸ்வரர் கதையிலும் இதே போராட்டம் நடக்கிறது. தேவர்களையே சிறைப்பிடித்து ஊழியம் வாங்கும் சிரவணன் என்னும் கொடுங்கோலனை மாதேஸ்வரர் தனியே நின்று வெல்வதில்லை. ஹரளய்யா என்னும் செருப்புத் தைக்கும் தொழிலாளி செய்த காலணியைக் கொண்டே அவனை வீழ்த்துகிறார். மண்டேசுவாமியோ அருவருப்பூட்டும் கோலத்தில் கல்யாண நகருக்குச் சென்று, சமத்துவம் பேசும் சரணர்களையே சோதிக்கிறார். புரட்சி பேசுவோரும் நாற்றம் கண்டு மூக்கைப் பொத்துவார்களா என்று பார்க்கும் பாட்டு அது; நமக்கும் பொருந்தும். இவற்றை முற்போக்கின் தூய வடிவம் என்று கொண்டாட நான் வரவில்லை. காட்டுக்குப் போகும் கணவன் நீலேகவுடன், மனைவி சங்கம்மாவிடம் கற்புக்குச் சத்தியம் கேட்டு வதைப்பதும் அதே காவியத்தில்தான் உள்ளது. ஆனால் அவள் சத்தியம் செய்ய மறுக்கிறாள் என்பதும் அதில் உள்ளது. இந்த முரண்பாடுகளோடுதான் மக்கள் இலக்கியம் நமக்குக் கிடைக்கிறது. 108 அடிச் சிலையில் முரண்பாடு ஏதுமில்லை. அங்கே ஹரளய்யா இல்லை, சங்கம்மா இல்லை. எல்லாக் கடவுளரையும் ஒரே அச்சில் வார்க்கும் இந்துத்துவத்துக்கு வசதியான பெருமாதேவர் ஒருவர் மட்டும் இருக்கிறார்.

2025-26 ஒன்றிய நிதிநிலை அறிக்கையில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட சுவடிகளைக் கணக்கெடுத்துப் பாதுகாக்க ஞான பாரதம் இயக்கம் அறிவிக்கப்பட்டது. சுவடித் துறைக்கான ஒதுக்கீடு 3.5 கோடி ரூபாயிலிருந்து 60 கோடியாக உயர்ந்தது. சுவடிகள் காக்கப்பட வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை. நம் கதைப்பாடல்கள் பலவும் பனையோலையில் இருந்தவையே. ஆனால் எழுத்து யார் கையில் இருந்தது? மடத்தின் கையிலும் அக்கிரகாரத்தின் கையிலும் அரண்மனையின் கையிலும் இருந்த அளவுக்குச் சேரியின் கையில் இருந்ததா? எழுத்து மறுக்கப்பட்டவர்களின் நூலகம் அவர்களுடைய தொண்டைதான். ஓலைக்கு ஓர் இயக்கம் கண்ட அரசு அந்தத் தொண்டையிலிருந்து பதிந்த நாடாவுக்கு ஏன் அதே அவசரத்தைக் காட்டவில்லை? இந்திரா காந்தி தேசியக் கலை மையத்தின் கீழ் ஒலி-ஒளி ஆவணகம் ஒன்று நாட்டின் பல நிறுவனங்களின் பதிவுகளை மின்மயமாக்கியுள்ளது. எனவே முடியாது என்ற சாக்கு செல்லாது.

ஓலை நூற்றாண்டுகள் நிற்கும். காந்த நாடா நிற்காது. காந்தத் துகளைப் பிடித்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்து, ஓட்டும்போதே உரிந்து வருகிறது. அசிட்டேட் நாடா புளித்த வாடை வீசிச் சுருங்குகிறது. நாடா பிழைத்தாலும் அதை ஓட்டும் கருவியும் பழுது நீக்கத் தெரிந்தவரும் மறைந்து வருகின்றனர். 2025 அளவில் இக்கருவிகள் பெரும்பாலும் வழக்கொழிந்துவிடும் என்று யுனெஸ்கோ 2019-இலேயே எச்சரிக்கை விடுத்தது. அந்த ஆண்டும் வந்து போய்விட்டது.

மைசூருவுக்குக் காரணம் சொல்ல வழியே இல்லை. ஆகாசவாணி என்ற பெயரே இந்நகரில் 1935-இல் கோபாலசுவாமி என்ற பேராசிரியர் தொடங்கிய வானொலிக்குச் சூட்டிய பெயர். 1969-இல் தொடங்கப்பட்ட இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் இங்கே உள்ளது. ஜீ.சம். பரமசிவய்யா போன்றோர் கிராமம் கிராமமாக அலைந்து நாட்டார் வழக்காற்றியலை வளர்த்த பல்கலைக்கழகம் இங்கே உள்ளது. அதன் நாட்டார் கலை அருங்காட்சியகம் ஆயிரக்கணக்கான பொருள்களோடு ஜெயலட்சுமி விலாஸ் மாளிகையில் இருந்தது. அம்மாளிகை இடிந்து சரிந்தபோது முதலில் இன்ஃபோசிஸ் அறக்கட்டளை வந்தது. மீண்டும் சரிந்தது. அண்மையில் அதன் ஒரு பகுதியைச் சீரமைக்க அமெரிக்கத் தூதரின் பண்பாட்டுப் பாதுகாப்பு நிதி வந்துள்ளது. தசரா ஊர்வலத்துக்கு ஆண்டுதோறும் கோடிகளை இறைக்கும் அரசு, தன் சொந்தப் பல்கலைக்கழகத்தின் கூரைக்கு வாஷிங்டனின் கையை எதிர்பார்க்கிறது. அண்ணன்மார் கதையை 1965-இல் கொங்கு நாட்டில் நாடாவில் பதிந்தவரும் பிரெண்டா பெக் என்ற வெளிநாட்டுப் பெண்மணிதான். அவர்மீது நமக்குக் கோபமில்லை, நம்மீதுதான் வெட்கம்.

இனி உரிமைக்கு வருவோம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஒலிப்பதிவின் ஆசிரியர், பாடியவர் அல்லர், தயாரித்தவர். பாடுபவருக்கென்று தனி உரிமை 1994 திருத்தத்தில்தான் சட்டத்துக்குள் வந்தது. வணிகப் பயன்பாட்டில் பங்கு கேட்கும் உரிமை 2012-இல் வந்தது. எண்பதுகளில் கேசட் வணிகம் செழித்தபோது ஒரே தடவை கையில் வைத்த தொகையோடு பாடகர் வீடு திரும்பினார். நிறுவனம் இன்றும் இணையத்தில் விளம்பரக் காசு ஈட்டுகிறது. எனவே ‘பாதுகாப்போம்’ என்ற பெயரில் எல்லாவற்றையும் ஏதேனும் ஒரு கார்ப்பரேட் தளத்தில் ஏற்றிவிடுவது தீர்வாகாது. அது இரண்டாவது கொள்ளை.

வாழும் மரபைப் பெட்டிக்குள் அடைக்காதீர்கள், பாடுபவர்கள் பாடட்டும் என்போரும் உண்டு. பாடட்டும், யார் தடுத்தது? ஆனால் பாடுபவரின் மகன் பெங்களூருவில் காவலாளியாக நிற்கிறான். பாட்டன் பாடிய நாற்பது இரவுப் பாட்டில் அவனுக்கு எஞ்சியது திருவிழா மேடையில் சுற்றுலாத் துறை ஒதுக்கும் பத்து நிமிடம். திரும்பக் கற்க அவன் விரும்பினால் பாட்டனின் குரல் வேண்டும்.

நம் பக்கமும் பார்க்க வேண்டும். தொழிற்சங்க மேடைகளிலும் மாநாட்டுப் பேரணிகளிலும் பாடிய நம் தோழர்களின் கேசட்டுகள் எத்தனை அலுவலகப் பரண்களில் கிடக்கின்றன? கொல்லங்குடி கருப்பாயி 2025 ஜூனில் மறைந்தபோது இரங்கல் எழுதினோம். ‘ஆண்பாவம்’ படத்தில் ஒலித்த அவருடைய குரல் உடனே கிடைத்தது. வயற்காட்டில் பாடிய குரலைத் தேடத் தொடங்கியது அதன் பிறகுதான்.

கர்நாடக அரசும் பல்கலைக்கழகங்களும் வானொலியும் தம்மிடமுள்ள நாட்டார் பாடல் நாடாக்களின் பட்டியலை, பாடியவரின் பெயர், ஊர், பதிந்த நாள் ஆகியவற்றுடன் முதலில் வெளியிடட்டும். மின்மயமாக்கியதன் ஒரு படி பாடகரின் குடும்பத்துக்கும் மற்றொரு படி அந்தந்த வட்ட நூலகத்துக்கும் கட்டணமின்றிச் செல்லட்டும். வணிகமாக்குவோர் குடும்பத்தின் ஒப்புதலைப் பெற்றுப் பங்கு கொடுக்கட்டும். நாட்டார் கலைஞர் அமைப்புகளும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் இக்கோரிக்கையைக் கையிலெடுக்க வேண்டும். தமிழ்நாட்டிலும் இதே கோரிக்கையை எழுப்ப வேண்டிய இடங்கள் குறைவில்லை. அதுவரை, பரணில் கேசட் வைத்திருக்கும் தோழர்கள் இந்த வாரமே அதை இறக்கி, உறையின்மேல் பாடியவர் பெயரை எழுதி வைக்கவும். பெயர் நினைவிருப்பவர்களும் குறைந்து வருகிறார்கள்.