அளந்தறிந்து தீர்ப்புக் கூறுக

எழுத்துக்களின் மாத்திரையைக் கண்ணிமைப்பொழுதாலும் கைந்நொடிப்பொழுதாலும் அளந்து காட்டிய தொல்காப்பியத்தை நெடுங்காலமாகக் கற்பித்து வருபவன் யான். அத்தகைய யானே கால அளவை ஒன்றிற் பெரும்பிழை செய்தேன் என்பதை இங்கு ஒளியாது கூறுதல் வேண்டும்.

2020ஆம் ஆண்டிற் கொள்ளைநோயினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, இணையவழியாக இலக்கணம் படிப்பித்தேன். மாணவன் ஒருவன் என் வினாக்களுக்கு எப்பொழுதும் தாமதித்தே விடை பகர்ந்தான். சிலவேளை விடையே வாராது. "கவனமில்லாதவன்" என்று வகுப்பார் அனைவரும் கேட்க அவனைக் கடிந்துரைத்தேன்.

பின்னர், கணினித்துறையிற் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர், அப்பிள்ளையின் வீட்டுக் கணினியிலே 'பிங்' என்னும் சிறு கருவியை இயக்கச் செய்தார். வலையமைப்பினூடாகப் பத்துப் பொதிகள் அனுப்பப்பட்டன. ஏழு, ஏறக்குறைய 40 மில்லிசெக்கனில் மீண்டன. ஒன்று மீள 2,040 மில்லிசெக்கன் சென்றது. இரண்டு மீளவேயில்லை. "ஐயா, பிள்ளை உடனேதான் மறுமொழி சொல்லுகிறான், சொல்லுத்தான் வழியிலே தங்கிவிடுகிறது" என்றார் அவர். யான் நாணினேன்.

இக்கருவியை ஆக்கியவர், ஐக்கிய அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் இராணுவ ஆய்வுகூடம் ஒன்றிற் பணியாற்றிய மைக் மியூஸ் என்பவர். 1983 டிசெம்பரில் அங்கிருந்த வலையமைப்பு ஒழுங்கின்றி இயங்கக் கண்டு, காரணம் அறியும்பொருட்டு ஒரே இரவில் இதனை எழுதினார். ஏறத்தாழ ஆயிரம் வரிகளே. கடலுள் ஒலியை விடுத்து எதிரொலி கேட்கும் 'சோனார்' கருவியின் ஓசையையே இதற்குப் பெயராக இட்டார். பொதியின் புறப்பாட்டையும் மீட்சியையும் அனுப்பிய கணினியின் கடிகாரம் ஒன்றே அளத்தலால், இரு கடிகாரங்கள் தம்முள் முரணும் இடர்ப்பாடு இங்கில்லை.

இதிலே யான் போற்றுவது அதன் நேர்மையை. மேற்கூறிய எட்டுப் பொதிகளின் சராசரி 290 மில்லிசெக்கன் ஆகும். ஆனால், அவ்வளவு நேரத்தில் மீண்ட பொதி ஒன்றுதானும் இல்லை; மீளாத இரண்டோ அக்கணக்கிற் சேரவேயில்லை. ஆதலினாற் சராசரியை மாத்திரம் கூறும் கருவி, பொய் கூறாமலே ஏமாற்றுகின்றது. பிங்கோ, குறைந்த நேரம், கூடிய நேரம், இழந்த பங்கு ஆகியவற்றையும் உடன் காட்டுகின்றது. தாமதம் வழியில் எவ்விடத்தே நேர்ந்தது என்பது அதற்குப் புலனாகாது. புலனாகாததைப் பற்றி அது தீர்ப்பும் கூறுவதில்லை. இத்தகைய கருவிகளை இன்று ஆக்கும் இளைஞர்கள் இவ்விரண்டையும் கடைப்பிடித்தல் வேண்டும். 'வேகம்' என்னும் ஓரெண்ணை உரக்கக் கூறுதல் வணிகருக்குப் பயன்படலாம். இணைப்பு அறுந்து அறுந்து வரும் வீட்டிலிருந்து படிக்கும் பிள்ளைக்கு அதனாற் பயனில்லை.

ஆசிரியராகிய நமக்கும் இதிலே பாடமுண்டு. புள்ளிகளின் சராசரியைக் கண்டு மாணவனை எடைபோடுகின்றோம். வாராத நாள்களும் வந்தும் பேசாத நாள்களும் அதனுள் மறைந்து போகின்றன. காரணம் எவ்விடத்தது என்று தேடுமுன்பே குற்றத்தைப் பிள்ளையின் தலையிற் சுமத்துகின்றோம்.

யான் கடிந்தது வகுப்பார் அனைவரும் கேட்க. ஆதலின் அம்மாணவனிடம் மன்னிப்புக் கேட்டதும் அவர்கள் அனைவரும் கேட்கவே.