பக்கத்துல உட்கார ஆள் வேணும்ல?

ஜூன் மாசம் பிறந்தால் தேனி - கம்பம் ரோட்டில் ஒரு காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். மூணரை வயசுப் பிள்ளை, முதுகை விடப் பெரிய பை, கழுத்தில் தண்ணி பாட்டில், கண்ணிலும் தண்ணி. ஸ்கூல் வேன் வந்து நின்றதும் அப்படியே தூக்கி உள்ளே போடுவார்கள். எல்.கே.ஜி. ஆரம்பம்!

இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டு பழனிசெட்டிபட்டியில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம், "நம்ம பிள்ளைக்கு வீட்டிலேயே ஆரம்பிச்சுக்கலாம்" என்று முடிவெடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காலையில் ஜெபம், ஒரு வசனம் மனப்பாடம், அப்புறம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எழுத்து, எண், கலர் பென்சில். அமெரிக்காவில் இது ரொம்ப சாதாரணம். இங்கே சொல்லிப் பாருங்கள், தெருவே கூடிவிடும். "சட்டப்படி குத்தம்ப்பா" என்பார் ஒருத்தர். "பிள்ளை படிப்பு கெட்டுடும்" என்பார் இன்னொருத்தர். மூணாவது ஆள், "மதம் தலைக்கேறிடுச்சு" என்று முடித்துவிடுவார்.

மூணுமே தப்பு. கேட்க வேண்டிய நாலாவது கேள்வி ஒன்று இருக்கிறது. அதை மட்டும் ஒருத்தரும் கேட்பதில்லை.

முதலில் சட்டம். கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்தது. அது முக்கியமாகப் பேசுவது 6 வயசு முதல் 14 வயசு வரை உள்ள பிள்ளைகளைப் பற்றி. ஆறு வயசுக்குக் கீழே உள்ளவர்களைப் பற்றிச் சொல்வது அரசியல் சாசனத்தின் 45-வது பிரிவு. அதுவும் அரசாங்கத்துக்குத்தான் புத்தி சொல்கிறது, பெற்றோரை எதுவும் கேட்கவில்லை. எல்.கே.ஜி. போகாத பிள்ளையைத் தேடி எந்த அதிகாரியும் வரப்போவதில்லை. ஆறு வயசு ஆனதும் கதை மாறும். பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது அதே சட்டத்தின் 10-வது பிரிவு (சேர்க்காவிட்டால் என்ன தண்டனை என்று எழுதவில்லை, அது வேறு விஷயம்).

அடுத்தது படிப்பு. மூணு வயசில் 'அ' எழுதத் தெரியாத பிள்ளை பத்தாம் வகுப்பில் ஃபெயில் ஆகும் என்று யார் சொன்னது? அமெரிக்காவில் ஹோம்ஸ்கூலிங் பரவுவதற்கு முக்கியக் காரணமான ரேமண்ட் மூர், டோரதி மூர் தம்பதி கிறிஸ்தவர்கள்தான். 1975-ல் அவர்கள் எழுதிய புத்தகம் சொன்னதே, சின்னப் பிள்ளையை அவசரப்பட்டு பெஞ்சில் உட்கார வைக்காதே, பொறு என்பதைத்தான். 1993 வாக்கில் அங்கே 50 மாநிலங்களிலும் வீட்டுக் கல்வி சட்டப்படி செல்லும் என்று ஆகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், மூர் தம்பதி வேண்டாம் என்ற அதே பெஞ்சை இப்போது வீட்டு ஹாலுக்குள் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். அஞ்சு வயசுப் பிள்ளைக்கு பெட்டி பெட்டியாகப் பாடப்புத்தகம், பயிற்சித்தாள், கால அட்டவணை. அந்தப் பெட்டியை அப்படியே பழனிசெட்டிபட்டிக்கு வரவழைத்தால் முல்லைப் பெரியாற்றங்கரைப் பிள்ளை பனிமனிதனுக்கு கலர் அடிக்கும். 'அம்மா' என்று தமிழில் எழுத அந்தப் பெட்டியில் ஒரு தாள்கூட இருக்காது. வாங்குகிறவர்கள் இதையாவது யோசிக்க வேண்டும்.

மதம்? விஜயதசமி அன்று நெல்லில் விரல் பிடித்து எழுதவைப்பதும் மதம்தான், மதரசாவுக்கு அனுப்புவதும் மதம்தான். பிள்ளைக்கு சாமி கும்பிடச் சொல்லிக் கொடுக்காத வீடு ஊரில் எத்தனை இருக்கிறது? கிறிஸ்தவர் செய்தால் மட்டும் கண்ணை உறுத்துகிறது என்றால் கோளாறு கண்ணில்.

இப்போது அந்த நாலாவது கேள்வி. பிள்ளைக்குப் பக்கத்தில் யார் உட்காருவார்கள்?

கிண்டர்கார்ட்டன் என்ற பெயரை 1840-ல் வைத்தவர் ஜெர்மனியின் ஃப்ரோபெல். அவரே ஒரு பாதிரியாரின் மகன். பிள்ளைகள் வட்டமாக நின்று பாடுவதும் சேர்ந்து விளையாடுவதும்தான் அவருடைய பாடத்திட்டம். (அதையே நாத்திகம் என்று சொல்லி பிரஷ்ய அரசு 1851-ல் தடை போட்டது, பயம் எந்தப் பக்கத்திலிருந்தும் வரும் போலிருக்கிறது.) பெயரிலேயே தோட்டம் இருக்கிறது. ஒற்றைச் செடியைத் தொட்டியில் வைத்துவிட்டுத் தோட்டம் என்று சொல்ல முடியுமா?

வட்டமாக நிற்பது ஜெர்மனியில் வெறும் விளையாட்டாக இருக்கலாம். நம்ம பக்கத்தில் தெருவுக்குத் தெரு சாதி. வீட்டுக்குள்ளேயே இருக்கும் பிள்ளைக்கு அம்மாவின் சொந்தக்காரர்கள், சபைக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் உலகம். அந்த உலகம் ஏற்கெனவே சலித்து எடுத்தது.

"பள்ளிக்கூடத்தில் மட்டும் என்ன வாழுது, அங்கேதானே கையில் சாதிக் கயிறு கட்டுறான்?" என்று கேட்பார்கள். நியாயம்தான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, அந்தக் கயிறுகளைத் தடை செய்யச் சொல்லி 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. ஆனால் கயிறு கட்டுவது பதினாலு, பதினஞ்சு வயசில். மூணு வயசுக் கைக்குக் கயிறு தெரியாது, பக்கத்தில் இருப்பவனின் பொம்மை மட்டும்தான் தெரியும். சேர்த்து உட்காரவைக்க சுலபமான வயசு அதுதான். அந்த வயசைத்தான் கதவைச் சாத்தி வீணாக்குகிறோம்.

கிறிஸ்தவக் குடும்பம் இதை இன்னும் அதிகமாக யோசிக்க வேண்டும். அமெரிக்க மதுரை மிஷன் 1834-ல் வந்தது, ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்தது. அதே மிஷனரிகள் சொந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் 1901-ல் கொடைக்கானலில் தனியாக ஒரு பள்ளி ஆரம்பித்தார்கள். கீழே ஊருக்கெல்லாம் திறந்த கதவு, மேலே நம்மவர்களுக்கு மட்டும் ஒரு கதவு. அந்த மலைப் பள்ளியே 1970-களில் சர்வதேசப் பள்ளியாக மாறி எல்லோரையும் சேர்க்க ஆரம்பித்துவிட்டது. ஆக, வீட்டுப் பள்ளிக்கு மிஷனரிகளை உதாரணம் காட்டுகிறவர்கள் எந்தக் கதவைக் காட்டுகிறோம் என்று பார்த்துக் காட்டட்டும்.

வேனில் ஏற்றி அனுப்புகிறவர்கள் ரொம்ப சந்தோஷப்பட வேண்டாம். ஃபீஸ் கட்ட முடிந்தவர் வீட்டுப் பிள்ளைகள் மட்டும் ஏறும் வேனும் சலித்து எடுத்ததுதான். அங்கே சல்லடை பணம், அவ்வளவுதான் வித்தியாசம் :-)

தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேல் அங்கன்வாடிகள் இருக்கின்றன. 2019-ல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. ஆரம்பித்தார்கள். 2022-ல் அதை நிறுத்தப் பார்த்தார்கள், எதிர்ப்பு வந்ததும் பின்வாங்கினார்கள். எதிர்த்தவர்களில் வேன் பெற்றோரும் வீட்டுப்பள்ளிப் பெற்றோரும் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? தன் பிள்ளை அங்கே இல்லாதபோது யாருக்கு வலிக்கும்?

ஓட்டுக் கட்டடம், ஒழுகுது, டீச்சருக்கு நூறு வேலை. எல்லாம் உண்மை. ஆனால் கொத்தனார் மகளும் கடைக்காரர் பேரனும் ஒரே பாயில் உட்கார்ந்து ஒரே முட்டையைச் சாப்பிடும் இடம் ஊரில் வேறு எது?

ஆகவே வீட்டுப் பள்ளிக்காரர்களே, காலை ஜெபத்தையும் வசனத்தையும் யாரும் தடுக்கவில்லை. முடித்துவிட்டு, பத்து மணிக்குப் பிள்ளையைத் தெருவில் இருக்கும் அங்கன்வாடியில் கொண்டுபோய் விடுங்கள். ஃபீஸ் கிடையாது. மதியம் சாப்பிட்டுவிட்டு வரும், மீதிப் பாடத்தை அப்புறம் வீட்டில் நடத்திக்கொள்ளலாம்.