சிறுவர் பகுதி: புல்லிடைப் பூத்த ஆர்க்கிட்



சென்ற புரட்டாசியில் நம் சங்கத்துக் குடும்பங்கள் சில ஒன்றுகூடிச் சாத்தாரா சென்று, அங்கிருந்து மேற்கே சுமார் 25 கிலோமீட்டர் தொலைவிலுள்ள காஸ் மேட்டுநிலத்தைக் கண்டு வந்தோம். ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் பரந்து கிடக்கும் செம்புரைக்கல் நிலம் அது. கோடையில் வெறும் பாறை. மழை பெய்தபின் மலர்க்கம்பளம். 2012-ஆம் ஆண்டில் மேற்குத் தொடர்ச்சி மலையின் பகுதிகள் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டபோது காஸும் அவற்றுள் இடம்பெற்றது.

பெரியவர்கள் வண்ணப் பரப்பை வியந்து நிற்க, எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி புல்லிடையே குனிந்து, "மாமா, இந்தப் பூவுக்கு வால் இருக்கிறதே!" என்றாள். அவள் கண்டது ஓர் ஆர்க்கிட். ஆர்க்கிட் என்றால் மரக்கிளையில் தொற்றி வளர்வது என்றே நம்மிற் பலர் எண்ணியிருக்கிறோம். இதுவோ மண்ணுக்குள் கிழங்கு வைத்துப் புல்லோடு புல்லாய் வளர்வது. மராத்தியர் ஆர்க்கிடை ஆமரி என்பர். தாவர நூலார் இப்பேரினத்துக்கு இட்ட பெயர் ஹபனேரியா.

இதில் பல வகைகள் உண்டு. முதல் மழைக்கே இலையைத் தரையிற் படியவிட்டுப் பூப்பது ஒன்று. வெண்பூக்களை ஒரே பக்கமாக அடுக்கி நிற்பது மற்றொன்று. அதன் தோற்றத்தால் டூத்பிரஷ் ஆர்க்கிட் என்றே அழைக்கின்றனர். சிறுமி கண்டது நெடுவால் வகை. அவ்வால் உண்மையில் ஒரு தேன்குழல். நீளம் சுமார் நான்கு அங்குலம். தேன் அதன் அடியில் இருப்பதால், நீண்ட உறிஞ்சுகுழல் படைத்த அந்துப்பூச்சிக்கே அது எட்டும்.

"இரண்டு வகை கலந்து புதுப் பூ பிறக்குமா?" என்று அவள் தமையன் வினவினான். நல்ல வினா! பிறப்பது உண்டு. இங்கிலாந்தின் ஈரப் புல்வெளிகளில், இலையிற் புள்ளியுள்ள ஆர்க்கிட் ஒன்றும் புள்ளியற்ற சதுப்புநில ஆர்க்கிட் ஒன்றும் ஜூன் மாதத்தில் அருகருகே பூக்கின்றன. இரண்டிலும் தேன் இல்லை. ஏமாந்த வண்டுகளும் தேனீக்களும் ஒன்றைவிட்டு மற்றொன்றை நாடும்போது மகரந்தம் கலந்துவிடுகிறது. அவ்வாறு தோன்றும் கலப்பினம் பல வேளைகளில் பெற்றோர் இருவரினும் ஓங்கி வளர்கிறது. டாக்டிலோரைசா கிராண்டிஸ் என்னும் அதன் பெயரின் நடுவே, கலப்புக்கு அடையாளமாகப் பெருக்கற்குறி இடுவர். நம் ஹபனேரியாக்களிலோ பூக்கும் காலமோ குழலின் நீளமோ வகைக்கு வகை வேறுபடுகிறது. ஆகவே கலப்பு அத்துணை எளிதில் நேராது.

இனி, நாம் செய்த பிழையொன்றை மறையாது உரைக்க வேண்டும். பல்லாண்டுகளுக்கு முன், ஒரு மலைப்பாதையோரம் கண்ட இத்தகைய செடியை மண்கட்டியோடு பெயர்த்துவந்து, புனே வீட்டுத் தொட்டியில் நட்டோம். நீர் விட்டோம், எரு இட்டோம். அது வாடி மடிந்தது. காரணம் பின்னரே விளங்கிற்று. ஆர்க்கிட் விதை தூசினும் நுண்ணியது. அதனுள் உணவுச் சேமிப்பு இல்லை. மண்ணில் வாழும் ஒருவகைப் பூஞ்சை ஊட்டினால்தான் அது முளைக்கும். வளர்ந்த பின்னரும் அத்தோழமை பல செடிகளுக்குத் தேவைப்படுகிறது. ஊரைவிட்டு வந்து இங்கே வேரூன்ற நம்மால் இயன்றது. நமக்கு அண்டை வீட்டார் வாய்த்தனர். அச்செடிக்கோ நம் தொட்டியில் அண்டை அயல் ஏதுமில்லை.

ஆகவே, குழந்தைகளே, அடுத்த மழைக்காலத்தில் மலைப்பக்கம் செல்லும்போது மண்வெட்டி வேண்டா. குறிப்பேடும் பென்சிலும் அளவுகோலும் போதும். பாதையை விட்டு இறங்காமலே பாருங்கள். இலையிற் புள்ளி உண்டா? பூக்கள் எப்பக்கம் நோக்குகின்றன? வாலின் நீளம் எவ்வளவு இருக்கும்? கண்ட நாள் எது? இவற்றைக் குறித்துப் படமும் வரைந்து நமக்கு அனுப்புங்கள். நல்லவற்றை இப்பகுதியில் மகிழ்வுடன் வெளியிடுவோம். பூ மட்டும் அதன் இடத்திலேயே இருக்கட்டும். அடுத்த ஆண்டு உங்கள் தம்பி தங்கையரும் அதைக் காண வேண்டுமல்லவா?