கையொப்பத்துக்கு மட்டுமா பெற்றோர்?

"பெற்றோர் வருவதேயில்லை." நம் பள்ளிகளின் ஆசிரியர் அறைகளில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்துக்கு எல்லார்க்கும் அழைப்பு அனுப்பியும் சிலரே வருகின்றனர். வந்தவருள்ளும் ஒரு பொறுப்பை ஏற்க முன்வருவோர் இருவர் மூவரே. இக்காலத்துப் பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறோம். இத்தீர்ப்பு நீதியானதன்று. வராதவர்மீது குற்றம் சாட்டுமுன், நாம் அவரை எப்போது அழைத்தோம், எதற்காக அழைத்தோம் என்று நம்மையே கேட்டுக்கொள்வோம்.

எப்போது அழைக்கிறோம்? பெரும்பாலும் வேலை நாளில், காலை பதினொரு மணிக்கு. அந்நேரத்தில் பீடி சுற்றும் தாய்க்கும் கட்டட வேலைக்குப் போகும் தந்தைக்கும் கூட்டத்துக்கு வருவது என்பது ஒரு நாள் கூலியை இழப்பது. தூத்துக்குடி, குமரிக் கடற்கரையின் கத்தோலிக்க ஊர்களில் ஞாயிறன்று கடலுக்குச் செல்லாத வழக்கம் உண்டு. திருப்பலி முடிந்து ஊரே ஆலய முற்றத்தில் கூடி நிற்கும் அந்த வேளையை விட்டுவிட்டு, கட்டுமரமும் விசைப்படகும் கடலில் இருக்கும் நாளில் தந்தையரைத் தேடுகிறோம். பிறகு அவர்களுக்கு அக்கறை இல்லை என்கிறோம்.

எதற்காக அழைக்கிறோம்? ஒன்று பணத்துக்கு, மற்றொன்று பழிக்கு. பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கும் நாளில் கழகத்துக்கென ஒரு தொகை வாங்கி இரசீது கொடுக்கிறோம். அந்த இரசீதினால் தாம் ஒரு கழகத்தின் உறுப்பினராகிவிட்டோம் என்பதே பலருக்குத் தெரியாது. அடுத்த அழைப்பு, பிள்ளை தேர்வில் தோற்றபோதோ சண்டையிட்டபோதோ வருகிறது. "நாளைக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா" என்பது நம் பள்ளிகளிலே ஒரு தண்டனை. பெற்றோரின் வருகையையே தண்டனையாக்கிய பின், அவர்கள் விரும்பி வர வேண்டுமென்று எதிர்பார்ப்பது எவ்வாறு பொருந்தும்? தலைமையாசிரியர் அறைவாசலில் முந்தானையைப் பற்றிக்கொண்டு ஒரு மணி நேரம் நின்று, தன் மகனைப் பற்றிய ஏச்சைத் தலைகுனிந்து கேட்டுச் சென்ற தாய், மறுமாதம் தொண்டு செய்ய வருவாரா?

இவற்றையும் மீறிக் கூட்டத்துக்கு வந்தவருக்கு நாம் தருவது என்ன? தீர்மானங்கள் முன்னரே எழுதி வைக்கப்பட்டிருக்கும். தலைவர் யார் என்பதும் முடிவாகியிருக்கும். ஊரில் வசதி படைத்தவர் ஒருவர் மேடையில் அமர்ந்திருப்பார். வரவு செலவு விரைவாக வாசிக்கப்படும். பின்வரிசையில் இருந்த தாய்மார் தீர்மானப் புத்தகத்தில் கையொப்பமிட்டு, தேநீர் அருந்தி, வீடு திரும்புவர். அவர்களிடம் நாம் வேண்டியது கையொப்பம்; கருத்தன்று.

நாட்டின் சட்டம் இதைவிட உயர்வாகப் பெற்றோரை மதித்திருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும் என்றும், குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்றும் வகுத்தது. சிறுபான்மையினர் பள்ளிகளை அச்சட்டம் கட்டுப்படுத்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் சரி தவறு வழக்கறிஞர்களுக்கு உரிய வாதம். நமக்குள்ள கேள்வி வேறு. அரசுப் பள்ளியில் ஓர் ஏழைத் தாய்க்குச் சட்டம் தந்த நாற்காலியை, நம் பள்ளியில் அன்பு தர மறுக்கலாமா?

திருச்சபையின் போதனையும் இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. பிள்ளைகளின் முதன்மையான கல்வியாளர் பெற்றோரே என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தன் கிறித்தவக் கல்வி அறிக்கையில் உரைத்தது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 796ஆம் விதியில் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. பெற்றோர் ஆசிரியரோடு நெருங்கி ஒத்துழைக்க வேண்டும். ஆசிரியர் பெற்றோருக்கு மனமுவந்து செவிசாய்க்க வேண்டும். பெற்றோருக்கென அமைப்புகளோ கூட்டங்களோ ஏற்படுத்தி அவற்றைப் பெரிதும் மதிக்க வேண்டும். செவிசாய்ப்பது என்றால், ஒருவர் சொன்னதற்காக நம் முடிவை மாற்றிக்கொள்ளவும் ஆயத்தமாயிருப்பது.

நம் மக்கள் பள்ளிக்கு உழைக்கத் தெரியாதவர்களா? 1950களில், காமராசர் ஆட்சியில், நெ. து. சுந்தரவடிவேலு கல்வித்துறைக்குத் தலைமை தாங்கிய காலத்தில் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். எந்தப் பள்ளிக்கு எது தேவை என்று பட்டியலிட்டு ஊரார்முன் வைத்தனர். எழுதப் படிக்கத் தெரியாத உழவரும் கொடுத்தனர். கரும்பலகை வந்தது, நாற்காலி வந்தது, கட்டடம் எழும்பியது. மதிய உணவுக்கும் மக்கள் தம் பங்கைத் தந்தனர். தேவை வெளிப்படையாகச் சொல்லப்பட்டது. கொடுத்தது கண்முன் நின்றது. ஆகவே பள்ளி தமது என்று அவர்கள் நம்பினர்.

இன்றும் வழி அதுவே. "தொண்டு செய்ய யாராவது வாருங்கள்" என்ற பொது அழைப்புக்கு யாரும் எழுந்து நிற்பதில்லை. கழிவறைக் கதவின் தாழ்ப்பாள் உடைந்திருக்கிறது. தச்சுத் தொழில் தெரிந்த தந்தை ஒரு சனிக்கிழமை தருவாரா? மாலையில் நூலகத்தைத் திறந்து வைக்க, வாரம் ஒரு நாள் இரு தாய்மார் கிடைப்பார்களா? பள்ளி விடும் நேரத்தில் சாலையைக் கடக்கும் சிறுவர்க்குத் துணை நிற்க யார் வருவார்? இப்படி வேலையையும் நாளையும் நேரத்தையும் குறித்துச் சொல்லி, பெயரிட்டு, நேரில் கேட்போம். அன்பியக் கூட்டங்களில் கேட்போம். பிற சமயப் பெற்றோரின் வீடுகளுக்கும் சென்று கேட்போம். செய்து முடித்தவருக்குப் பிள்ளைகள் முன்னிலையில் நன்றி கூறுவோம். செலவுக் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம்.

பெற்றோராகிய நமக்கும் ஒரு சொல். கட்டணம் கட்டியதோடு கடமை தீர்ந்தது என்று சந்தையில் பொருள் வாங்குவோரைப்போல் ஒதுங்கி நிற்பதும் குற்றமே. அழைப்பு வரட்டும் என்று காத்திராமல், அடுத்த கூட்டத்தில் முன்வரிசையில் அமர்வோம், கணக்கைக் கேட்போம், கேட்டபின் ஒரு வேலையையும் கேட்டு வாங்குவோம்.

பள்ளிகளே, "அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா" என்று இனிச் சொல்லும்போது, பிள்ளை அஞ்சாமல் மகிழ்ந்து வீட்டுக்கு ஓடும் நிலையை உண்டாக்குங்கள். அன்று "பெற்றோர் வருவதில்லை" என்ற புலம்பல் தானே ஓயும்.