அச்சுப்பொறி அழைக்க வேண்டுமா, அதனிடம் கேட்க வேண்டுமா?

துறையின் பொது அச்சுப்பொறிக்கு வினாத்தாளை அனுப்பிய ஆசிரியர், அது அச்சாகித் தட்டில் கிடக்கிறது என்பதை எவ்வாறு அறிவார்? அச்சுப்பொறியே தேடிவந்து சொல்வது ஒரு வழி. அவருடைய கணினி சென்று கேட்பது மற்றொன்று. முதலாவதே விரைவானதாகத் தோன்றும். ஆயினும் ஐபிபி எனப்படும் இணைய அச்சு நெறிமுறையை வகுத்தோர், 2005 மார்ச்சில் வெளியான ஆர்எஃப்சி 3995, 3996 ஆவணங்களில், அறிவிப்புச் சேவை தரும் அச்சுப்பொறி எதற்கும் இரண்டாவது வழியையே கட்டாயமாக்கினர். மந்தமான வழி எனக் குறைகூறுவது எளிது. எனினும் முடிவு சரியானதே.

பெறுபவரின் மடிக்கணினி தீயரணுக்குப் பின்னால் இருக்கும், சில வேளை உறங்கும், முகவரியும் மாறும். இவற்றையெல்லாம் பின்தொடர்வது சிறு நினைவகமுடைய கருவிக்குப் பெருஞ்சுமை. அதைவிடப் பெரிய இடர் ஒன்று உண்டு: அறிவிப்பு செல்ல வேண்டிய இடமாக ஒருவர் பிறருடைய முகவரியைக் கொடுத்துவிட்டால், அச்சுப்பொறியே வேண்டாத செய்திகளைப் பொழியும் கருவியாகிவிடும். கேட்டுப்பெறும் முறையில், வேலையை அனுப்பிய அதே வழியில், அதே அடையாளச் சரிபார்ப்புடன் செய்தி திரும்புகிறது.

இதற்கு விலை உண்டு. நிகழ்வுச் செய்தியை அச்சுப்பொறி குறைந்தது 15 விநாடி வைத்திருக்க வேண்டும். பரிந்துரைக்கப்படுவது 60 விநாடி. தாமதித்து வருபவருக்கு அது கிட்டாமலே போகலாம். இணைப்பைத் திறந்துவைத்துக் காத்திருக்கவும் வழியுண்டு என்றாலும், அத்தனை பேரையும் தாங்க இயலாத அச்சுப்பொறி, இத்தனை விநாடி கழித்து வருக என்று திருப்பி அனுப்பிவிடலாம்.

ஆனால் ஒவ்வோர் அறிவிப்பும் வரிசை எண் தாங்கியே வருகிறது. நான்குக்குப் பின் ஆறு வந்தால், ஐந்து தவறியது தெரிந்துவிடும். இழப்பை மறைக்காத இந்த ஏற்பாடே வடிவமைப்பின் சிறந்த கூறு.

மொழியியலார் கவனிக்கத்தக்கது இன்னொன்று. சந்தா பதிபவர் தம் மொழியைக் குறிப்பிடலாம். ஆனால் அச்சுப்பொறி அறிந்த மொழிகளோ சிலவே. நிகழ்வின் பெயர் மாறாத குறிச்சொல்லாகவும் வருவதால்தான், அதைத் தமிழில் சொல்லும் பொறுப்பைப் பயனரின் கணினி ஏற்க முடிகிறது.

எஞ்சிய கடமையும் அக்கணினி மென்பொருளுடையதே. வரிசை எண்ணில் இடைவெளி கண்டால், வேலையின் நிலையை அது அச்சுப்பொறியிடம் நேரடியாகக் கேட்க வேண்டும். நெறிமுறையில் அதற்கும் தனிக் கட்டளை உண்டு. அதைக் கேட்காமல் ‘அச்சிடப்படுகிறது’ என்றே திரையில் காட்டிக்கொண்டிருக்கும் மென்பொருளை நம்பியிருந்தால், வினாத்தாள் முன்பே தட்டில் கிடப்பது ஆசிரியருக்குத் தெரியவராது.